சுரமா, சொல்லா, மேடையா: எந்த மனநிலைக்கு எதைத் தேர்வது?

மனம் கனத்துக் கிடக்கும் ஒரு மாலையில் ஒருவருக்கு முன்னால் பல வழிகள் இருக்கின்றன. வாத்திய இசையைத் தனியே அமர்ந்து கேட்கலாம். சொற்கள் நிறைந்த பாடல்களைக் கேட்கலாம். நாடகமோ நாட்டியமோ நடக்கும் அரங்குக்குப் போகலாம். பலரோடு சேர்ந்து பாடவோ ஆடவோ செய்யலாம். பெரும்பாலோர் இவற்றுள் ஒன்றைப் பழக்கத்தினாலோ, எது எளிதில் கைக்கு எட்டுகிறது என்பதனாலோ தேர்ந்துகொள்கிறார்கள். எனக்கு எந்த இசை பிடிக்கும் என்று கேட்டுக்கொள்பவர்கள் பலர்; இன்றைக்கு என் உள்ளத்துக்கு எது வேண்டும் என்று கேட்டுக்கொள்பவர்கள் குறைவு. இக்கட்டுரை இரண்டாவது கேள்விக்கு விடை தேடுகிறது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இக்கலைகளை ஒப்பிடும்போது எது நம்மை அதிகமாக உருக்குகிறது என்று பார்ப்பதைவிட, உருகுவதற்கான காரணத்தை யார் தருகிறார்கள், கலையா நாமா, என்று பார்ப்பதே தேர்வுக்கு உதவும்.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுக்கிறது. அதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எவ்வெவற்றால் பிறக்கிறது என்றும் நந்நான்காகப் பிரித்துக் காட்டுகிறது. அழுகைக்கு அது கூறும் நான்கு, இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பவை. பிறரால் இழிவுபடுத்தப்படுவது, உற்றாரையோ உடைமையையோ இழப்பது, முன்பிருந்த நல்ல நிலையிலிருந்து தாழ்வது, துய்க்க ஏதுமின்றி வாடுவது என்று இவற்றை விளக்கலாம். கண்ணீர் ஒன்றேயானாலும் அது ஊறும் இடங்கள் வேறு. இந்தப் பகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு கலைகளைப் பார்த்தால் அவற்றுக்கிடையேயான வேறுபாடு தெளிவாகத் துலங்குகிறது. வாத்திய இசை அழுகையைத் தரும்; ஆனால் இந்நான்கில் எதனால் என்று சொல்லாது. பாடல் ஓரளவுக்குச் சொல்லும். நாடகமோ யாருக்கு, எப்போது, யாரால் என்பது வரை சொல்லிவிடும்.

சொல்லில்லாத இசையிலிருந்து தொடங்குவோம். காரணம் எதையும் சொல்லாத ஓசை ஒருவரை எப்படி அழவைக்கிறது என்பது பழைய வியப்பு. 1956-இல் அமெரிக்க இசையறிஞர் லெனார்ட் மேயர் முன்வைத்த விளக்கம் இன்றும் ஆய்வாளர்களுக்கு அடிப்படையாக இருக்கிறது: இசை நம்முள் ஓர் எதிர்பார்ப்பை எழுப்புகிறது, அதைத் தள்ளிப்போடுகிறது, திசைதிருப்புகிறது, பிறகு நிறைவேற்றுகிறது, அந்தத் தள்ளிப்போடலில்தான் உணர்ச்சி பிறக்கிறது. தாளமும் வரிகளும் இன்றி ஒரு ராகத்தை விரிக்கும் ஆலாபனையைக் கூர்ந்து கேட்பவர்கள் இதை உடனே அடையாளம் காண்பார்கள். வித்வான் மேலே ஏறிக்கொண்டே போய் ஏழாம் சுரமான நிஷாதத்தில் நின்றுவிடுகிறார். போய்ச் சேரவேண்டிய தார ஸட்ஜம், அதாவது மேல் ஸட்ஜம், ஓர் அடி தூரத்தில் இருக்கிறது. அவர் அங்கே போகவில்லை. நிஷாதத்தை அசைத்துப் பார்க்கிறார், கீழே தைவதம் வரை இறங்கிவிட்டுத் திரும்புகிறார், மீண்டும் அதே நிஷாதத்தில் இழைகிறார். கேட்பவர் தம்மையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் ஸட்ஜம் ஒலிக்கும்போது பிடித்திருந்த மூச்சோடு சேர்ந்து வேறு ஏதோ ஒன்றும் உள்ளிருந்து இறங்கிப்போகிறது. அந்த 'வேறு ஏதோ ஒன்று' என்ன என்று வித்வானுக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை.

1991-இல் பிரிட்டிஷ் உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா, தங்களைக் குறிப்பாக நெகிழவைத்த இசைப்பகுதிகளைச் சுட்டிக்காட்டும்படி கேட்போரிடம் கேட்டு, அவ்விடங்களின் அமைப்பை ஆராய்ந்தார். கண்ணீர் வந்ததாகக் கூறப்பட்ட இடங்களில், தான் சேரவேண்டிய சுரத்துக்கு அடுத்திருக்கும் சுரத்தில் சற்றே சாய்ந்து, உரசி, பிறகு உரிய இடத்தில் அமரும் மெட்டசைவு அதிகமாகக் காணப்பட்டது. சிலிர்ப்பு உண்டானதாகக் கூறப்பட்ட இடங்களிலோ, சற்றும் எதிர்பாராத சுரக்கூட்டின் வருகை அதிகமாக இருந்தது. மான்ட்ரியல் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட மூளை ஆய்வு இன்னொரு படி மேலே போயிற்று. சிலிர்ப்பின் உச்சத்தில் மட்டுமல்லாமல் அதற்கு முந்தைய காத்திருப்பின்போதும் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்ற வேதிப்பொருள் சுரப்பதையும், காத்திருப்புக்கும் உச்சத்துக்கும் மூளையின் வெவ்வேறு பகுதிகள் இயங்குவதையும் அது காட்டியது.

இசை திட்டவட்டமான உணர்ச்சிகளைச் சித்திரிக்க இயலாது என்று வியன்னாவின் விமர்சகர் எட்வார்ட் ஹான்ஸ்லிக் 1854-இலேயே வாதிட்டார். காதல் என்றால் காதலிக்கப்படுபவர் வேண்டும், சினம் என்றால் சினத்துக்கு ஆளானவர் வேண்டும்; வெறும் ஓசையால் அவர்களைக் காட்ட முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் இதை இசையின் எல்லையாகச் சொன்னார். தேர்வு செய்யவேண்டிய நிலையில் இருப்பவருக்கு அதுவே இசையின் பெரும் கொடை என்று நான் கருதுகிறேன். காரணம் சொல்லப்படாத இடம் காலியாக இருக்கிறது. அங்கே நம் காரணத்தை நாம் வைத்துக்கொள்ளலாம். தாயை இழந்தவரும், வேலையில் அவமதிக்கப்பட்டவரும், பேரும் புகழும் போய் ஒதுங்கி வாழ்பவரும் ஒரே வயலினைக் கேட்டு மூன்று வேறு துக்கங்களுக்காக அழமுடியும். யாரும் யாரையும் இடறமாட்டார்கள். ஆகவே, துயரத்தின் காரணம் தமக்கு நன்றாகத் தெரிந்தும் அதைப் பிறர் வாயால் கேட்கத் தெம்பில்லாதவர்கள் சொல்லில்லாத இசையைத் தேர்வதே நலம் என்பேன்.

ஒரு நிபந்தனை உண்டு. எதிர்பார்ப்பு பிறக்கவேண்டுமானால் அந்த இசைமரபு காதுக்குப் பழகியிருக்கவேண்டும். மேற்கத்திய இசையைக் கேட்டுப் பழகாத கேமரூனின் மாஃபா மக்களிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், அவ்விசையின் மகிழ்ச்சி, துயரம், அச்சம் ஆகியவற்றை அவர்கள் தற்செயலாகச் சொல்லக்கூடியதைவிட அதிகமாகவே அடையாளம் கண்டார்கள். ஆனால் ஓர் உணர்ச்சியை அடையாளம் காண்பது வேறு, அதில் கரைவது வேறு. புதிய மரபொன்றை அறிந்துகொள்ளும் ஆசை மனம் தெளிந்திருக்கும் நாளுக்கு உரியது. துயர நாளில் பழகிய மரபுக்கே போவது நல்லது.

சோக இசையைக் கேட்டால் சோகம் கூடிவிடாதா என்ற ஐயம் பலருக்கும் உண்டு. டாருஃபி, கோல்ஷ் என்ற இருவர் 772 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட கருத்தாய்வில், சோக இசை எழுப்புவதாக மிகுதியாகக் குறிப்பிடப்பட்ட உணர்வு சோகமன்று. பழைய நாள்களைப் பற்றிய ஏக்கமே. அமைதி, கனிவு போன்றவையும் அதில் இடம்பெற்றன. எனினும், நடந்து முடிந்த ஒன்றையே ஓயாமல் மனத்துக்குள் அசைபோடும் இயல்புள்ளவர்களுக்குச் சோக இசை மனச்சோர்வை மேலும் கூட்டக்கூடும் என்பதைக் காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன. இந்த எச்சரிக்கையை நான் மிகவும் பொருட்படுத்துகிறேன். கேட்டு முடித்தபின் மனம் லேசாகிறதா, இன்னும் இறுகுகிறதா என்பதை ஒவ்வொருவரும் தமக்குத்தாமே கவனித்துக்கொள்ளவேண்டும். இறுகுமானால் கண்ணீர் எவ்வளவு இனிமையாகத் தோன்றினாலும் அந்த வழியை விட்டு விலகிவிடவேண்டும்.

அடுத்தது பாடல். சொல் சேரும்போது உணர்ச்சி கூடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். அலி, பெய்னிர்ஜியோக்லு என்ற ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட முடிவுகள் அப்படி எளிதாக இல்லை. சோகமான, சினமான மெட்டுகளில் பாடல்வரிகள் உணர்ச்சியைக் கூட்டின. மகிழ்ச்சியான, அமைதியான மெட்டுகளிலோ குறைத்தன. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் வரியைவிட மெட்டே வலுவாக இருந்தது. எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது. மகிழ்ச்சி காரணம் கேட்பதில்லை. அதற்குக் காரணம் சொல்லப் புகுந்தால் அது சுருங்கிவிடுகிறது. துயரமும் சினமும் அப்படியல்ல. தமக்கு நேர்ந்தது இன்னதென்று யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லமாட்டாரா என்று அவை காத்துக்கிடக்கின்றன. ஒப்பாரியில் இறந்தவரின் பண்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச்சொல்லி அழுவதன் ஆற்றல் இதில்தான் இருக்கிறது. எனவே, மனம் அமைதியை நாடும்போது வரிகள் இல்லாத இசையும், உள்ளே அடைபட்ட கோபமோ துக்கமோ வெளியேற வழி தேடும்போது வரிகள் உள்ள பாடலும் ஏற்றவை.

பாடலின் சொல் எப்போதும் காரணத்தை இறுகக் கட்டிவிடும் என்றும் சொல்லமுடியாது. கர்நாடக இசையில் நிரவல் பாடும்போது நடப்பதைக் கவனிக்கலாம். ஒரே ஒரு வரி எடுத்துக்கொள்ளப்படுகிறது. சொற்கள் மாறுவதில்லை, தாளத்தில் அவை அமரும் இடங்களும் பெரும்பாலும் மாறுவதில்லை. மெட்டு மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் வேறாகிறது. முதல் சுற்றில் இரங்கிக் கேட்பதுபோல் ஒலித்த வரி, மேல் ஸ்தாயிக்குப் போகையில் உரிமையோடு முறையிடுவதாகிறது. காலம் கூடும்போது பிடிவாதமாகிறது. கடைசியில் கீழே வந்து அடங்கும்போது சரணடைவதுபோல் ஆகிறது. சொல் தந்த காரணம் ஒன்றே, ஆனால் அந்தக் காரணத்துக்கு முன்னால் மனிதர் நிற்கக்கூடிய பல நிலைகள் காட்டப்படுகின்றன. பாடலின் வரியையும் சுரத்தின் திறந்தவெளியையும் ஒருசேரத் தரும் வடிவம் இதைப்போல் மிகச் சிலவே இருக்கின்றன. மொழி புரிபவர்கள் இதைத் தவறவிடக்கூடாது. மொழி புரியாவிட்டால் இதன் பாதி நம்மை வந்தடையாது.

பாடலுக்கு இன்னொரு வலிமையும் இருக்கிறது, அது நினைவு. பதின்ம வயதிலும் இருபதுகளிலும் கேட்ட பாடல்களே பிற்கால வாழ்வில் அதிக நினைவுகளைக் கிளறுகின்றன என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்டது. அவ்வாறான பாடல் எழுப்பும் உணர்ச்சி பாடலுக்குள் இருந்து வருவதில்லை, நம் கடந்த காலத்திலிருந்து வருகிறது. சாதாரணமான மெட்டும் ஒருவரை நிலைகுலையச் செய்வது இதனால்தான். பழைய பாடலைத் தேர்வு செய்பவர், தாம் தேர்வது இசையை அன்று, ஒரு காலத்தையும் அதிலிருந்த மனிதர்களையும் என்பதை அறிந்தே தேரவேண்டும்.

மேடை இவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது. அங்கே காரணம் முழுமையாகக் கலையினுடையது. நமக்கு என்ன நேர்ந்தது என்பதை அது கேட்பதில்லை. இன்னொருவருக்கு என்ன நேர்ந்தது என்பதை நம் கண்முன் நிகழ்த்துகிறது. ஒரு நடிகை மேடையில் கடிதம் ஒன்றைப் பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் என்ன இருக்கிறது என்பது முந்தைய காட்சியிலேயே நமக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத்தான் தெரியாது. உறையை ஓரமாகக் கிழிக்கிறார், தாளை விரித்து வெளிச்சத்துக்குத் திருப்புகிறார், முதல் வரியைப் படிக்கும்போது உதட்டில் இருந்த சிரிப்பு இரண்டாம் வரியிலும் அப்படியே இருக்கிறது. கண் மட்டும் மாறிவிடுகிறது. இசை சுரத்தைத் தள்ளிப்போட்டதுபோல நாடகம் இங்கே அறிவைத் தள்ளிப்போடுகிறது. நமக்காக நாம் அழுதுகொண்டிருக்கவில்லை என்பதே இதில் கிடைக்கும் விடுதலை. துக்கத்துக்கும் மகிழ்ச்சிக்கும் இடமில்லாமல் மனம் மரத்துப்போயிருக்கிறது என்று உணர்பவர்களிடம் வாத்திய இசையைக் கேட்கச் சொல்வது பயனற்றது. அங்கே வைப்பதற்கு அவர்கள் கையில் அப்போது எதுவும் இல்லை. அவர்களுக்குக் காரணத்தையும் சேர்த்துக் கொடுக்கும் கலை வேண்டும். மேடை அதைச் செய்கிறது.

உண்மையிலேயே உணர்ந்து நடிப்பவரையே தேடிப்போகவேண்டுமா என்ற கேள்வி இங்கே எழும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதெரோ, தலைசிறந்த நடிகர் தாம் உருகுவதில்லை, உருகுவதன் அடையாளங்களைக் குளிர்ந்த மனத்தோடு துல்லியமாகப் படைக்கிறார் என்று வாதிட்டார். அவர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய அக்கருத்து 1830-இல்தான் நூலாக வெளிவந்தது. 1898-இல் மாஸ்கோ கலை அரங்கை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, நடிகர் உள்ளுக்குள் உண்மையாக வாழவேண்டும் என்றார். நாட்டிய சாத்திரமோ உடல், மொழி, ஒப்பனை ஆகியவற்றால் ஆகும் அபிநயங்களோடு, மனம் ஒன்றினாலன்றி வராத கண்ணீர், மயிர்க்கூச்சு, குரல் தழுதழுத்தல் முதலியவற்றைச் சாத்விகம் என்று தனியாக வைத்தது. பார்ப்பவரின் தேர்வுக்கு இந்த விவாதம் அவ்வளவாகத் தேவைப்படாது. நடிகர் உணர்கிறாரா என்பது அவரது சிக்கல்; பார்ப்பவர் உணர்கிறாரா என்பதே நமக்கு முக்கியம். தேர்வுக்கு உண்மையில் தேவைப்படுவது வேறொரு வேறுபாடு. ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் உருவாக்க விரும்பிய அரங்கு, பார்வையாளர் கரைந்துபோகும் தருணத்தில் குறுக்கிட்டு, ஒரு பாட்டையோ அறிவிப்பையோ நுழைத்து, இது ஏன் நடக்கிறது என்று யோசிக்க வைப்பது. சினத்தைத் தெளிவாக்கிக்கொள்ள விரும்புபவருக்கு அது அருமையான தேர்வு. அழுது தீர்க்க வந்தவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். நாடகம் பார்க்கப் போகுமுன் அது எந்த மரபைச் சேர்ந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது இதனால் அவசியமாகிறது.

கண்ணால் காண்பதன் ஆற்றல் நாடகத்தோடு முடிந்துவிடுவதில்லை. சியா-ஜுங் ட்ஸே என்ற ஆய்வாளர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இசைப்போட்டிகளின் இறுதிச்சுற்றுப் பதிவுகளை ஒலி மட்டுமாகவும், காட்சி மட்டுமாகவும், இரண்டும் சேர்ந்தும் பலருக்குத் தந்து, வென்றவர் யார் என்று கேட்டார். ஒலியே இல்லாத காட்சியைப் பார்த்தவர்கள்தாம் மிகச் சரியாகச் சொன்னார்கள். தேர்ந்த இசைக்கலைஞர்களும் இதற்கு விலக்கல்லர். இசை விரும்பிகளுக்கு இது வருத்தம் தரலாம். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, கச்சேரியில் நம்மை நெகிழ்விப்பது சுரம்தானா, கலைஞரின் முகமும் கையசைவுமா என்று ஐயம் வந்தால் கொஞ்ச நேரம் கண்களை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கலாம் என்பதே.

இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் நாம் ஒரு பக்கம், கலை ஒரு பக்கம். சேர்ந்து பாடுவதிலும் ஆடுவதிலும் அந்த இடைவெளி இல்லாமற்போகிறது. அங்கே காரணமே தேவைப்படுவதில்லை. உடல் முதலில் அசைகிறது, மனம் பின்னால் வருகிறது. ஸ்வீடனில் குழுப்பாடகர்களை வைத்து நடத்தி 2013-இல் வெளியான ஆய்வொன்றில், ஒன்றாகப் பாடியவர்களின் மூச்சு பாட்டின் அமைப்பால் ஒத்திசைவதும், அதன்வழி இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கங்களும் ஒன்றுபடுவதும் பதிவாயின. நடனத்திலும் இதுபோன்ற ஒன்றைக் காணலாம். கனடாவில் நேரடி மின்னிசை நிகழ்ச்சி ஒன்றில், காதுக்குத் தெளிவாகக் கேட்காத மிகத் தாழ்ந்த அதிர்வுகளை அவ்வப்போது இயக்கியும் நிறுத்தியும் பார்த்தபோது, அவை இயங்கிய நேரங்களில் கூட்டத்தின் அசைவு ஏறத்தாழ 12 விழுக்காடு கூடியிருந்ததாக 2022-இல் தெரிவிக்கப்பட்டது. ஆடியவர்களுக்கு அவை இயங்கியது தெரியவில்லை.

தனிமையே துயரமாக இருப்பவர்கள் கேட்பதைவிடப் பாடுவதையே தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இங்கிலாந்தில் பாட்டு, கைவினை, படைப்பெழுத்து ஆகிய வயதுவந்தோர் வகுப்புகளை ஏழு மாதங்கள் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முடிவில் மூன்று வகுப்புகளிலும் ஒருவருக்கொருவர் நெருக்கம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. ஆனால் பாட்டு வகுப்பில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட வெகு விரைவாக அந்த நெருக்கத்தை எட்டிவிட்டார்கள். அறிமுகம் இல்லாதவர்களுக்கு இடையே தயக்கம் கரைய மாதங்கள் ஆகும் இடத்தில், சேர்ந்திசை அதைச் சுருக்கிவிடுகிறது. எனக்குக் குரல் நன்றாக இருக்காதே என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். குழுப்பாட்டில் குரல் நன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. கூட இருந்தால் போதும். இந்தத் தயக்கத்தால் எத்தனையோ பேர் தங்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய வழியை இழக்கிறார்கள் என்பது உண்மையிலேயே மனத்தை வருத்துகிறது.

நேரிலா, பதிவா என்பது இறுதியான தேர்வு. கனடாவின் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1964-இல் கச்சேரி மேடையை விட்டே விலகி, அதன்பின் ஒலிப்பதிவுக்கூடத்திலேயே தம் கலையை வளர்த்தார். தனியே கேட்பவருக்கும் இசைக்கும் இடையே கூட்டம் குறுக்கிடத் தேவையில்லை என்று அவர் நம்பினார். மாறாக, ஜூரிக் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்பவரின் மூளையில் உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலாவின் இயக்கத்தைப் பார்த்துக்கொண்டே பியானோ கலைஞர்கள் தங்கள் வாசிப்பை அவ்வப்போது மாற்றியமைத்தார்கள். அந்த நேரடி வாசிப்பு, பதிவைவிட வலுவான, நிலையான எதிர்வினையை அங்கே எழுப்பியது. சிறிய அரங்கில் நல்ல கலைஞர்கள் கருவி எதுவும் இல்லாமலேயே இதைச் செய்கிறார்கள். எதிரே இருப்பவரின் முகம் பார்த்து ஒரு சுரத்தொடரை நீட்டுகிறார்கள், இன்னொன்றைச் சுருக்குகிறார்கள். ஆகவே வாய்ப்பிருந்தால் நேரில் கேட்பதையே நான் பரிந்துரைப்பேன். தனித்துத் துக்கிக்க விரும்புபவருக்கு மட்டும் பதிவு மேலானது. அழும்போது யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதியை எந்த அரங்கும் தராது.

பதிவைத் தேர்பவர்கள் ஒன்றைக் கடைப்பிடிக்கலாம். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டியும் சகாக்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வேகமான இசை மூச்சையும் இதயத்துடிப்பையும் கூட்டியது. ஆனால் இசைப்பகுதிகளுக்கு நடுவே தற்செயலாகச் செருகப்பட்ட இரண்டு நிமிட மௌனத்தில் உடல், இசை தொடங்குமுன் இருந்ததைவிடவும் அதிகமாகத் தளர்ந்தது. ஒரு பாடல் முடிந்த கணமே அடுத்ததைத் தானாகத் தொடங்கிவிடும் செயலிகளில் இந்த மௌனத்துக்கு இடமே இல்லை. அந்தத் தானியங்கி வசதியை நிறுத்திவைப்பது, எந்த இசையைத் தேர்வது என்பதற்கு ஈடான முக்கியத்துவம் உடையது.

இவற்றையெல்லாம் முயன்றும் இசை தங்களை அசைக்கவே இல்லை என்று சொல்லும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை ரசனையற்றவர்கள் என்று ஒதுக்குவது அநீதி. பார்சலோனா ஆய்வாளர்கள் 2014-இல் காட்டியபடி, செவித்திறனும் மனநலமும் சீராக இருந்து, பணம் போன்ற பிற பரிசுகளால் இயல்பாக மகிழ்ந்தும், இசையிலிருந்து மட்டும் இன்பம் பெறாதவர்கள் உண்மையிலேயே உண்டு. அவர்களும் சுரத்தின் வழியே போய்த்தான் நெகிழவேண்டும் என்று யாரும் வற்புறுத்தக்கூடாது. பேச்சும் உடலும் காரணமும் முன்னிற்கும் உரைநடை நாடகத்தை அவர்கள் தேர்வு செய்யலாம். பின்னணி இசை குறைவாக இருக்கும் தயாரிப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது.